கொம்புக் கப்பலுக்கு மூக்குக் குத்தியவன்

பூலோகம் பீடி பற்றவைத்து மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒருவரும் பார்த்ததில்லை. பீடி இல்லாத பூலோகத்தையும் ஒருவரும் பார்த்ததில்லை. விடிந்ததும் பீடிக்கட்டிலிருந்து ஒன்றை உருவுவான். விரல்களுக்கிடையில் உருட்டி, நுனியைக் கிள்ளி, வாயின் இடது ஓரத்தில் வைப்பான். அதோடு சரி. அவன் பேசினால் அது மேலும் கீழும் ஆடும். டீ குடிக்கும்போது காதுக்குப் போகும், குடித்து முடித்ததும் வாய்க்குத் திரும்பும். சாயங்காலம் அது ஊறி இலை பிரிந்திருக்கும். வாசல் சாக்கடையில் துப்பிவிட்டு உள்ளே வருவான்.

பேராச்சி கல்யாணமாகி வந்த புதிதில் தீப்பெட்டியை எடுத்து நீட்டியிருக்கிறாள்.

"நாள் பூரா தீயோட கெடக்கேன். வாயிலயும் வேணுமாக்கும்?" என்றான்.

அவனுக்குப் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய தாருகானாவில் கப்பல் உடைக்கும் வேலை. காலாவதியான கப்பல்களைக் கடல் ஏறும் நேரத்தில் இழுத்து வந்து சேற்றில் ஏற்றிவிடுவார்கள். பிறகு கேஸ் டார்ச்சை வைத்துத் துண்டு துண்டாக அறுப்பார்கள். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் முக்காதம் என்கிற மேஸ்திரி செவிட்டில் அறைவான். அறையாவிட்டாலும் கேஸ் விடாது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? அதனால் அந்தத் துறையில் டார்ச் பிடிக்கும் கட்டர்கள் அத்தனை பேரும் பச்சைப் பீடிதான். தீ காட்டாத பீடிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. டார்ச் பிடிக்கக் கற்பதற்கு முன்னால் பச்சைப் பீடி வைக்கக் கற்றுவிடுவார்கள். பேராச்சியின் தம்பி இசக்கி ஊரிலிருந்து வந்து பூலோகத்திடம் கையாளாகச் சேர்ந்தபோது அவனும் அப்படித்தான் கற்றான். அத்தானும் மச்சினனும் ஒரே பக்கமாகப் பீடியைச் சாய்த்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்கு நடந்து போவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும்.

பூலோகம் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். மீசை முளைக்கும் முன்பே பம்பாய்க்கு வந்து, காட்டன் கிரீனில் பஞ்சுப்பொதி சுமந்து, பிறகு ஆணி தட்டும் சம்மட்டிக்காரனாகத் தாருகானாவுக்குள் நுழைந்தவன். கோபக்காரன். சோறு குழைந்தால் தட்டு பறக்கும், ரயில் பிந்தினால் தண்டவாளத்துக்கு வசவு விழும். ஆனால் டார்ச்சைக் கையில் எடுத்தால் ஆள் வேறு. நாற்பது வயதுக்குள் மூக்குக் குத்தும் கட்டராகிவிட்டான்.

மூக்குக் குத்துவது அந்தத் துறையின் வழக்கம். புதுக் கப்பல் சேற்றில் ஏறியதும் எல்லா ஆட்களும் முன்னால் கூடுவார்கள். கப்பலை விலைக்கு வாங்கிய சேட்டும் வருவார். மூத்த கட்டர் கப்பலின் மூக்கில் தேங்காய் உடைப்பான். பிறகு அதே இடத்தில் டார்ச்சை வைத்து ஒரு காசளவு துளை போடுவான். பொறி எப்படிப் பறக்கிறது, சத்தம் எப்படி வருகிறது என்று பார்ப்பான். துளைக்குள் கம்பியை விட்டுப் பார்ப்பான். கடைசியில் திரும்பி நின்று ஒரு சொல் சொல்வான். இன்ன கனம், உள்ளே இன்னது இருக்கிறது, இப்படி அறுக்கலாம் என்று. அதற்குப் பிறகு அந்தக் கப்பலைப் பற்றி மறுபேச்சு கிடையாது. பெண்பிள்ளைக்கு மூக்குக் குத்துகிற மாதிரி நல்ல நேரம் பார்த்துத்தான் இதையும் செய்வார்கள். பூலோகம் சொன்ன சொல் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அறுபத்து மூன்றாம் வருஷம் கொம்புக் கப்பல் வரும்வரை.

அது மழை விட்ட சமயத்தில் வந்தது. செங்கடல் வாயில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த ஜிபூட்டியிலிருந்து ஒரு இழுவைப் படகு அதைக் கட்டி இழுத்து வந்தது. பாய்மரம் இல்லை, புகைபோக்கி இல்லை, பெயர்கூடத் துருவில் போயிருந்தது. மேலே தகரக் கூரை. முன்னால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே காளையின் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கப்பலில் காவலுக்கு இருந்த ஒரே ஆள் அப்துல் வாஹித் என்ற காரைக்கால் மரைக்காயர். ஆயுசில் பாதியை அந்தக் கப்பலிலேயே கழித்தவர். துறையில் தமிழ்ப் பேச்சைக் கேட்டதும் அழுதுவிட்டாராம். பூலோகம் அவரை அன்றைக்கே தன் கோலிக்குச் சாப்பிடக் கூட்டிவந்துவிட்டான்.

கோலி என்றால் ஒற்றை அறை. பேராச்சி அடுப்படியில் இருந்தாள். மூன்று ஆண்களும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தக் காலத்துல மரக்கப்பல் தங்கச்சி," என்று அவளையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பித்தார் வாஹித். "வெடிக்கிற குண்டு வந்துச்சு பாருங்க, ஒண்ணு விழுந்தா போதும், வைக்கப்போரு மாதிரி எரிஞ்சு போவும். அதுக்குதான் பிரெஞ்சு ராஜா கப்பலுக்கு இரும்புச் சட்டை போட்டாரு. ஆயிரத்து எண்ணூத்தி அறுபதுகள்ல. அப்படி மொதமொதல்ல சட்டை போட்டதுல இதும் ஒண்ணு."

"சட்டைக்குப் பொத்தான் உண்டா பாய்?" என்றான் இசக்கி.

"உண்டே. இம்மாந்தண்டி போல்ட்டு."

"உள்ள பனியன்?"

"அதுவும் உண்டு தம்பி. தேக்கு பனியன். மேல ஆறு வெரக்கடை இரும்பு, அதுக்குள்ள தேக்கு, அதுக்குள்ள இரும்புச் சட்டம், திரும்ப தேக்கு, கடைசியா இரும்புத் தோலு. குண்டு மோதுனா இரும்பு மட்டும் இருந்தா விரிஞ்சு போவும். மரம் இருந்தா அடிய வாங்கிக்கும்."

பூலோகத்தின் பீடி ஆடியது. "மரைக்காயரே, இரும்புக்குள்ள மரத்த வச்சு அடைக்க அவனுவளுக்குக் கிறுக்கா? நீரு அளக்கதுக்கு ஒரு அளவு வேண்டாமாவே?"

"கொம்பு எதுக்கு பாய்?" இசக்கிக்குக் கதை கேட்க ஆசை.

"முட்டுறதுக்கு. நீராவி எஞ்சின் இருக்குல்ல, காத்து இல்லாட்டியும் ஓடும். ஓடிப் போயி எதிரி கப்பல் வயித்துல முட்டணும்."

"எத்தனையை முட்டுச்சு?"

"ஒண்ணே ஒண்ணு."

"இங்கிலீஷ்காரனா, ஜெர்மன்காரனா?"

"அவங்களுக்கே குடிதண்ணி கொண்டாந்த படகு. நங்கூரம் இழுத்துக்கிட்டுப் போயி முட்டிடுச்சு."

இசக்கி விழுந்து விழுந்து சிரித்தான். பேராச்சிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஜெர்மன்காரனோடு சண்டை வந்தபோது வடக்குக் கடலுக்குப் போனதாம். எதிரி துறைமுகத்தை விட்டு வெளியே வரவில்லை. பனிமூட்டத்தில் சும்மா நின்றுநின்று நிலக்கரி தீர்ந்து திரும்பி வந்ததாம். அதற்குள் கரையில் சண்டை தோற்றுப்போயிருந்தது. பிறகு பீரங்கி பழகும் பள்ளிக்கூடமாக வைத்திருந்தார்கள். பிறகு பாய்மரத்தையும் எஞ்சினையும் பிடுங்கிவிட்டுக் கூரை போட்டுச் சிப்பாய்களைப் படுக்க வைத்தார்கள். அதுவும் முடிந்ததும் ஜிபூட்டியில் கரி கொட்டிவைக்கும் தொட்டியாக்கினார்கள்.

"அப்ப அது என்னதான் செஞ்சுது?" என்று கேட்டாள் பேராச்சி.

"பயமுறுத்துச்சு தங்கச்சி. அதுக்குதான் கட்டுனது."

அந்தச் சிரிப்பைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை. நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே கதையைக் கேட்டார்கள். ஒருவன் அதனால் செத்தான். மற்றவர்கள் கதையை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

கொம்புக் கப்பலுக்குப் பூலோகம் மூக்குக் குத்தினான். மூக்கு என்றால் அந்தக் கப்பலுக்குக் கொம்புதான். கொம்பு அடித்துச் செய்த ஒரே இரும்பு. உள்ளே மரமும் இல்லை, காற்றும் இல்லை. பொறி நேராகப் பறந்தது. பூலோகம் திரும்பி நின்று, "முழு இரும்பு. தாராளமா அறுக்கலாம்" என்றான். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற வாஹித் அரைகுறை இந்தியில் சேட்டிடம் ஏதோ சொல்லப் போனார். சேட் பூலோகத்தைக் கைகாட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

நடுவயிற்றில் சட்டை போல்ட்டுகளை அறுக்கும்போதே லேசாகப் புகை வந்தது. பழைய பெயின்ட் என்று விட்டார்கள். நூறு வருஷமாக இரண்டு இரும்புக்கு நடுவில் காய்ந்துகிடந்த தேக்கு, கீல் பூசிய தேக்கு, வெளியே தெரியாமல் ராத்திரி முழுவதும் கனன்றிருக்கிறது. மறுநாள் உள்பக்கத்துக் குறுகலான வழியில் போய் நட்டுகளைத் தட்டிவிட இசக்கியை அனுப்பினார்கள். வெளியே சங்கிலி போட்டு ஒரு தகட்டை இழுத்தார்கள். காற்றுப் பட்டதும் அந்த இடைவெளி முழுவதும் ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. அந்த வழிக்கு ஒரு வாசல்தான். அதன் வழியாகத்தான் தீ வந்தது.

இசக்கியை வெளியே எடுத்தபோது அவன் பற்களுக்கிடையில் பீடி இருந்தது.

சேட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பீடி பியா, மரா," என்றார். பீடி குடித்தான், செத்தான். அரசாங்கத்திலிருந்து விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். முக்காதம் ஜம்பு மொழிபெயர்த்தான். பூலோகம் உட்பட நாலைந்து பேரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். விசாரணை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. பீடி நெருப்பால் ஏற்பட்ட விபத்து என்று ஆனது. தன் தவற்றால் தானே செத்தவனுக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடையாது என்றார்கள்.

பேராச்சி அந்தப் பணத்தைக் கேட்கவும் இல்லை. அன்றைக்குப் பூலோகம் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"சொன்னியளா? அது பச்சைப் பீடின்னு சொன்னியளா?"

"சொன்னேன்."

"பொறவு?"

"எழுதலை."

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? எழுதுகிறவர்கள் எழுதமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்த உலகம்தானே. அதனால் கோபம் முழுவதும் சேட் மேலும் ஜம்பு மேலும் அந்த முகம் தெரியாத அதிகாரி மேலும் போயிற்று. தாராவியில் அவள் எண்ணெய் டின் கழுவும் வேலை பார்த்தாள். காரத் தண்ணீரில் கை வெடித்து எரியும்போதெல்லாம் அவர்களைச் சபித்துக்கொண்டே தேய்ப்பாள். டின் பளபளக்கும்.

ஆனால் கேம்ப் தன் வேலையைப் பார்த்தது. ஒரு மாசத்துக்குள் இசக்கி "பீடி இசக்கி" ஆகிவிட்டான். அதே சந்தில் இருந்த சொர்ணம்மாளின் மகளுக்கும் அவனுக்கும் பேச்சு நடந்து, பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. குழாயடியில் ஒரு நாள் சொர்ணம்மாள் யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

"எம் மவ தலை தப்பிச்சுது. ஒரு பீடிக்குக் கப்பலையே கொளுத்துனவன், குடிசையைக் கொளுத்தமாட்டானா?"

பேராச்சி நிரம்பிய குடத்தைத் தூக்கி அவள் மேல் போட்டாள். குடம் நசுங்கியது, சொர்ணம்மாளின் தோள் இறங்கியது. பஞ்சாயத்து வைத்தார்கள்.

"எந்தம்பி பீடியில தீ இல்ல," என்றாள் பேராச்சி.

"தீ இல்லாமலா எரிஞ்சுது?" என்றார்கள்.

அவளுக்குப் பதில் தெரியும். தேக்கு எரிந்தது. ஆனால் இரும்புக் கப்பலுக்குள் தேக்கு என்றால் அவளே சிரித்தவள்தானே. சொல்லிப் பார்த்தாள். பஞ்சாயத்தும் சிரித்தது. பூலோகம் அங்கேதான் நின்றான். பீடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினான். துறையில் எத்தனையோ பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் வாய் அது. அன்றைக்கு அது திறக்கவில்லை. துக்கம் என்று பேராச்சி நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் கழுவிய டின்களை ஏற்றிக்கொண்டு டெம்போவில் செம்பூருக்குப் போனபோது, தேவ்நார் திருப்பத்தில் ஒரு டீக்கடையில் வாஹித்தைப் பார்த்தாள். காரைக்காலில் அவருக்கு யாரும் மிச்சமில்லையாம். திரும்பிப் போகாமல் இங்கேயே பாய்லர் முன்னால் நின்றுவிட்டார். அவளைக் கண்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"தங்கச்சி, என்னை மன்னிக்கணும். நான் அன்னைக்குக் கத்தியிருக்கணும்."

"நீங்க என்ன செய்வீக பாய்? எங்க வீட்டுக்காரர் சொன்னதையே அவனுவ எழுதலையே."

வாஹித் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குக் கொஞ்சம் விளங்கிவிட்டது.

"அவரு சொல்லலையே தங்கச்சி," என்றார். "நான் பக்கத்துலதான் நின்னேன். 'அந்தப் பையன் வாயில பீடி இருந்துச்சா'ன்னு கேட்டாங்க. 'இருந்துச்சு'ன்னாரு. அதோட நிறுத்திக்கிட்டாரு. நான் வாயைத் தொறந்தேன். நீ வெளிநாட்டுக்காரன், உனக்கு இங்க பேச்சில்லைன்னு ஜம்பு தள்ளிவிட்டுட்டான்."

"பச்சைப் பீடின்னு..."

"சொல்லலை." பிறகு தயங்கிச் சொன்னார்: "அன்னைக்குக் காலையில உள்ள போவுமுன்ன தம்பி அவருகிட்ட கேட்டுச்சு. 'அத்தான், மரைக்காயர் மரம் இருக்குன்னாரே, புகை வேற வந்துச்சே'ன்னு. 'மூக்குல மரம் இருந்துச்சாலே? நான் சொன்ன பொறவு என்ன பேச்சு, போலே'ன்னாரு."

டீ ஆறிவிட்டது. அவள் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் பூலோகம் வாசலில் பீடியைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது, பேராச்சி நிலையில் கையை ஊன்றி வழியை மறித்து நின்றாள்.

"வாயில பீடி இருந்துச்சுன்னு மட்டும் சொன்னியளா?"

எப்படித் தெரிந்தது, யார் சொன்னது என்றெல்லாம் அவன் கேட்கவில்லை.

"வழிய விடு."

"சொன்னியளான்னு கேக்கேன்."

"ஏட்டி, பச்சைப் பீடின்னு சொன்னா, பொறவு தீ எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பான். மரம்னு சொல்லணும். மரம் இருக்குன்னு ஒருத்தன் சொன்னானே, நீ ஏன் அறுத்தன்னு கேப்பான். டார்ச்சப் புடுங்கிட்டு வெளிய தள்ளிருப்பான். தின்னுறதுக்கு என்ன செய்ய?"

"பஞ்சு சொமந்துதான வந்திய. திரும்ப சொமங்க."

"நான் சொமக்கவா?" அவன் குரல் உயர்ந்தது. "தாருகானாவுல மூக்குக் குத்துதவன் நான். இத்தனை கப்பலுக்குச் சொல்லிருக்கேன்."

"ஒத்தக் கப்பலுக்குத் தப்பாச் சொன்னிய. அதுக்கு எந்தம்பி போய்ட்டான். சரி, அது விதின்னு வச்சுக்கிடுதேன். செத்தவன் வாயில தீ வச்சியள, அது விதியா?"

அவன் கையை ஓங்கினான். அவள் நகரவில்லை. சந்தில் நாலு தலை எட்டிப் பார்த்தது. ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டது. எதையாவது தூக்கி எறிவான் என்று பார்த்தாள். எறியவில்லை. அவன் கோபமெல்லாம் குழைந்த சோற்றுக்கும் பிந்திய ரயிலுக்கும்தான் போலிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நான் என்ன செய்யணும்?" என்றான் கடைசியில்.

"அடுத்த மூக்குக் குத்துக்கு எல்லாரும் நிப்பாக. சேட்டும் நிப்பான். தேங்காய் ஒடைக்க முன்ன சொல்லுங்க. இசக்கி வாயில இருந்தது பச்சைப் பீடி, மரம் இருக்குன்னு அவன் சொன்னான், நான் கேக்கலைன்னு. அவ்வளவுதான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லுதேன்."

"எந்தம்பி மேல ஆணையா?"

"சொல்லுதேம்ட்டி."

கப்பல்கள் வந்தன. ஒவ்வொரு கப்பலுக்கும் அவன் திரும்பி வரும்போது அவள் வாசலில் நின்றாள். "இன்னைக்கு சேட் வரலை," என்பான். "இன்னைக்கு ஆள் கம்மி." "இன்னைக்குக் கடல் எறங்கிட்டு, அவசரம்." பிறகு பிறகு காரணமும் சொல்வதில்லை. பீடியைத் துப்பிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போவான். அவள் சோறு போடுவாள். பேசமாட்டாள். ஒரே அறையில் அப்படி வருஷக்கணக்கில் வாழ முடியுமா என்று கேட்டால், அந்தச் சந்தில் பாதிப் பேர் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

அவன் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொம்புக் கப்பலுக்குப் பிறகு அவன் மூக்கோடு நிறுத்துவதில்லை. மூக்கில் ஒன்று, வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்று என்று மூன்று துளை போட்டான். மூன்றிலும் கம்பியை விட்டுக் குடைந்து, முகர்ந்து பார்த்த பிறகே வாயைத் திறந்தான். புகை கண்டால் வேலையை நிறுத்தித் தண்ணீர் ஊற்றச் சொன்னான். சேட் கத்தினாலும் கேட்கவில்லை. பக்கத்துத் துறைக்காரர்களும் அதைப் பார்த்துப் பழகினார்கள். அதற்கு "பூலோகம் குத்து" என்று பெயரே வந்துவிட்டது. அதனால் யார் யார் உயிர் பிழைத்தார்களோ. அவனிடம் வேலை கற்ற நம்பிராஜன் ஒருமுறை வீட்டுக்கு வந்து பேராச்சியிடம் பெருமையாகச் சொன்னான்: "அண்ணன் மூளை யாருக்கு வரும் மதினி? வேற எவனும் இப்படி யோசிக்கலையே."

"எப்பம் யோசிச்சாருன்னு கேட்டியா?" என்றாள்.

நம்பிராஜன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

தம்பியைக் கொன்ற தவற்றிலிருந்து புருஷனுக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. தம்பிக்கும் அதிலிருந்துதான் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

பூலோகத்துக்கு நெஞ்சில் புகை அடைத்துவிட்டது. துருவும் பெயின்ட்டுமாக இருபது வருஷம் மூச்சில் இழுத்தது. அறுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் கிங்ஸ் சர்க்கிள் படிகளில் ஏறுவதற்குள் நாலு முறை உட்கார்ந்தான். இனி டார்ச் வேண்டாம், மூக்கு மட்டும் குத்திவிட்டுப் போ என்று சேட்டே சொல்லிவிட்டார். ஒரு கப்பல் வந்தது. அன்றைக்கு விடியற்காலையில் அவன் பீடிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "நீயும் வா," என்றான்.

தாருகானாவுக்கு வீட்டுப் பெண்கள் போவதில்லை. அவள் போனாள். ரயிலில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ரே ரோட்டில் இறங்கி, இரும்புக் குவியல்களுக்கு நடுவே நடந்து, சேற்றில் பலகை போட்ட இடத்தில் நின்றாள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். சேட் வந்திருந்தார். ஜம்புவும் இருந்தான். கப்பலின் மூக்கு அவர்களுக்கு மேலே கோபுரம் மாதிரி நின்றது.

பூலோகம் தேங்காயைக் கையில் எடுத்தான். திரும்பினான். பீடியை வாயிலிருந்து எடுத்துக் காதில் வைத்தான்.

அவன் ஆட்களைப் பார்த்தான். சேட்டைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை. வாய் திறந்தது. இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த நிஜ இருமல்தான். நம்பிராஜன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான். இருமல் நின்றது. பேசும் அளவுக்கு மூச்சும் திரும்பியது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஒடைங்கடே," என்று தேங்காயை நம்பிராஜன் கையில் கொடுத்துவிட்டான்.

திரும்பும்போது அவள் வேறு பெட்டியில் ஏறினாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவன் இறந்துபோனான். கடைசி நாட்களில் அவள் அவனைத் தூக்கி உட்காரவைத்தாள், துடைத்தாள், கஞ்சி ஊட்டினாள். அவன் பலமுறை அவள் கையைப் பிடித்தான். ஒவ்வொரு முறையும், "எங்கிட்ட சொல்லாதிய," என்றாள். "எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

தாருகானாவே சந்துக்குள் வந்துவிட்டது. குடையும் சாக்குமாக ஆட்கள் நின்றார்கள். ஜம்பு மாலை கொண்டுவந்தான். பாடையில் வைத்ததும் நம்பிராஜன் அழுதுகொண்டே தலைமாட்டிலிருந்த பீடிக்கட்டிலிருந்து ஒன்றை உருவி, நுனியைக் கிள்ளி, பூலோகத்தின் உதட்டின் இடது ஓரத்தில் செருகினான். கூட்டத்தில் ஒரு விம்மல் எழுந்தது. ஜம்பு குனிந்து தீப்பெட்டியை உரசினான்.

"ஆயுசுக்கும் பத்த வைக்காத மனுஷன். இன்னிக்கு ஒரு இழுப்பாவது இழுக்கட்டும்."

பேராச்சி அவன் கையைத் தட்டிவிட்டாள். குச்சி சேற்றில் விழுந்து சீறியது.

"பச்சையாவே போகட்டும்," என்றாள். "எந்தம்பி வாயில இருந்ததும் இதுதான். பச்சைப் பீடி. கேட்டுக்கிடுங்க. எந்தம்பி தீ வைக்கலை. அந்தக் கப்பலுக்குள்ள மரம் இருந்துச்சு. இவருக்குத் தெரியும். சொல்லாமப் படுத்துருக்காரு."

ஜம்பு மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டான். நம்பிராஜன் மூக்கைத் துடைத்தான்.

"அது எங்களுக்குத் தெரியும் மதினி," என்றான் மெதுவாக.

"என்ன தெரியும்?"

"பச்சைப் பீடின்னு. எல்லாரும் அதானே வைக்கோம். அது தெரியாத கட்டர் எவன்?"

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்த முகங்களை அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்தவை, இசக்கியின் பதினாறுக்கு வந்தவை, அவள் கையில் டீ வாங்கிக் குடித்தவை. ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை.

"பொறவு ஏம்ல ஒருத்தனும் வாயத் தொறக்கலை?"

நம்பிராஜன் பாடையைப் பார்த்தான்.

"அண்ணனே தொறக்கலையே மதினி."

தூக்க நேரமாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தூக்கினார்கள். சந்தின் முனையில் சொர்ணம்மாள் குடத்தோடு ஒதுங்கி நின்றாள். இறங்கிய தோள் அப்படியேதான் இருந்தது. அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் ஆயிரம் சொல்லுவாள். பூலோகம் சொல்லியிருந்தால் அது வேறு.

காரியமெல்லாம் முடிந்து, டின் கழுவும் வேலைக்குத் திரும்பிய வாரத்தில், அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பேராச்சி மறந்து வைத்துவிட்டு வந்த சேலைத்துணியைக் கொடுத்துவிட்டுப் போகக் கேம்ப்புக்கு வந்தாள். குழாயடியில் வழி கேட்டாள்.

"எந்தப் பேராச்சி?" என்று கேட்டது குழாயடி. "இங்க மூணு பேரு உண்டு."

"டின் கழுவுறவங்க."

"ஓ, பீடி இசக்கி அக்காவா? நேராப் போ. கடைசிக் கோலி."

பேராச்சி வாசலில் நின்று அதைக் கேட்டாள். சாக்கடை ஓரத்தில் அவன் கடைசியாகத் துப்பிய பீடிகளை மழை எப்போதோ அடித்துக்கொண்டு போயிருந்தது.